கார்கிலுக்குத் திரும்பும் மூத்த படைவீரருக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்வது எப்படி

1999-ஆம் ஆண்டு மே முதல் ஜூலை வரை கார்கில் மலைகளில் போரிட்டவர்களில், அன்று சுபேதார்களாகவும் நாயிப் சுபேதார்களாகவும் இருந்த பலர் இன்று எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். "கண்ணை மூடுவதற்குள் ஒருமுறை திராஸுக்குப் போய்வர வேண்டும்" என்று அவர்கள் சொல்லும்போது, வீட்டில் உள்ள பிள்ளைகள் உடனே விமானக் கட்டணத்தைப் பார்க்கிறார்கள், வண்டிக்கு விலை பேசுகிறார்கள், தங்கும் இடத்தைக் கடைசியில் ஏதாவது ஒரு செயலியில் தேடிப் பதிவு செய்துவிடுகிறார்கள். பீரங்கிப் படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பாவை அவருடைய 74-ஆவது வயதில் அங்கே அழைத்துச் சென்றபோது நானும் இதே வரிசையில்தான் திட்டமிட்டேன். புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் அவருடைய இதய மருத்துவர் கேட்ட ஒரே கேள்வியில் அந்தத் திட்டம் முழுவதும் கலைந்தது. "பகலில் எங்கே போவீர்கள் என்பது இருக்கட்டும், இரவில் எவ்வளவு உயரத்தில் தூங்குவார்?" என்று அவர் கேட்டார். நான் திராஸில் உள்ள கார்கில் போர் நினைவிடத்துக்கு மிக அருகிலேயே மூன்று இரவுகளுக்கு அறை எடுத்திருந்தேன்.

அவருடைய போர்க்களம் எது என்று முதலில் கேளுங்கள்

கார்கில் போர் ஒரே இடத்தில் நடந்ததல்ல. மேற்கே முஷ்கோ பள்ளத்தாக்கில் தொடங்கி திராஸ், காக்சர், பட்டாலிக் என்று நீண்டு, கிழக்கே துர்துக் வரை அந்தப் போர்முனை விரிந்திருந்தது. காலாட்படையில் இருந்தவருக்குப் போர்க்களம் என்பது ஒரு சிகரமாக இருக்கலாம். பீரங்கிப் படையில் இருந்தவருக்கு அது நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு வெற்று மைதானமாக இருக்கும். சிக்னல் பிரிவிலும் சப்ளை பிரிவிலும் இருந்தவர்களுக்கு அது ஒரு பாலமாகவோ ஒரு வளைவாகவோ இருக்கக்கூடும். அப்பாவுக்கு டைகர் ஹில் சிகரத்தைப் பார்ப்பதைவிட, தன் பீரங்கி நின்ற இடத்தை அடையாளம் கண்டுகொள்வதே முக்கியமாக இருந்தது என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். கேட்காமல் அவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

இந்தப் பதிலைப் பொறுத்தே தங்கும் ஊர் அமையும். திராஸ், முஷ்கோ, காக்சர், பட்டாலிக் ஆகிய நான்குக்கும் கார்கில் நகரமே நடு இடம். திராஸ் அங்கிருந்து மேற்கே சுமார் 60 கிலோமீட்டர், பட்டாலிக் வடகிழக்கே ஏறக்குறைய அதே தூரம். திருச்சிக்காரரான மேஜர் மாரியப்பன் சரவணன் வீழ்ந்தது பட்டாலிக் பகுதியில்தான் என்பதால், தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் பலர் அந்தப் பக்கத்தையும் பார்க்க விரும்புகிறார்கள். அந்தப் பாதை சுமார் 4,000 மீட்டர் உயரமுள்ள ஹம்போடிங்லா கணவாயைக் கடந்து செல்கிறது. ஆகவே கார்கிலில் குறைந்தது மூன்று இரவுகள் தூங்கி உடல் பழகிய பிறகு, எல்லைப் பகுதிக்கான அனுமதி நிலவரத்தை அங்கேயே விசாரித்துக்கொண்டு, பகலில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அவர் துர்துக் பக்கம் இருந்தவர் என்றால் லே வழியாக நூப்ரா பள்ளத்தாக்குக்குப் போக வேண்டியிருக்கும். அது முற்றிலும் வேறொரு பயணம்; இங்கே சொல்லும் கணக்கு அதற்குப் பொருந்தாது.

தூங்கும் உயரம்

ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சோனமார்க் ஏறத்தாழ 2,740 மீட்டர், ஜோஜிலா கணவாய் 3,528 மீட்டர், திராஸ் சுமார் 3,280 மீட்டர். கணவாயைத் தாண்டி திராஸ் வழியாக இறங்கிச் சென்றால் கார்கில் நகரம் 2,676 மீட்டரில் இருக்கிறது. போர்க்களத்துக்கு அருகில் உள்ள திராஸைவிட அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கார்கில் அறுநூறு மீட்டர் தாழ்வாக இருப்பது, வயதானவரை அழைத்துச் செல்கிறவருக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. கடல் மட்டத்திலிருந்து வருகிறவர் ஒரே நாளில் 2,750 மீட்டருக்கு மேல் ஏறித் தூங்கக் கூடாது என்பதும், 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதும் மலை மருத்துவத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் விதிகள். இரவில் மூச்சின் வேகம் குறையும்போதுதான் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மேலும் இறங்குகிறது. பகலில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் விடியற்காலையில் தலைவலியோடும் வாந்தியோடும் எழுந்திருப்பது இதனால்தான்.

எனவே எங்கள் திட்டத்தை இப்படி மாற்றினோம்: சென்னையிலிருந்து டெல்லி வழியாக விமானத்தில் ஸ்ரீநகர் சென்று அங்கே இரண்டு இரவுகள், சோனமார்க்கில் ஓர் இரவு, பிறகு ஜோஜிலாவைக் கடந்து, திராஸில் தேநீர் குடிக்கும் நேரத்துக்கு மேல் நிற்காமல் நேராகக் கார்கில் சென்று அங்கே நான்கு இரவுகள். திராஸ் நினைவிடத்துக்குக் கார்கில் சேர்ந்த மூன்றாம் நாள் அங்கிருந்து பகலில் போய்வந்தோம். போகும் வழியில் நினைவிடத்தின் வாசலைத் தாண்டிச் செல்லும்போது இறங்காமல் இருக்க அப்பா மிகவும் சிரமப்பட்டார். அந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது அவருடைய ராணுவப் பயிற்சிதான். 9,000 அடிக்கும் 12,000 அடிக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு வரும் படைவீரருக்கு ஆறு நாள் பழக்கம், அதில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு என்பது இந்திய ராணுவத்தின் நடைமுறை. டாக்டர் சொன்னார் என்றால் பட்டாளத்துக்காரர்கள் மறுத்துப் பேசுவார்கள். அக்ளிமடைசேஷன், அதாவது உயரத்துக்கு உடலைப் பழக்குவது, என்று சொன்னால் மறுபேச்சு இருக்காது.

நேரம் மிச்சமாகும் என்று எண்ணி நேரே லேவுக்கு விமானத்தில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது எழுபது வயதுக்காரரை இரண்டு மணி நேரத்துக்குள் 3,500 மீட்டரில் கொண்டுபோய் இறக்கிவிடும், அங்கிருந்து கார்கிலுக்கு வரும் சாலையும் 4,108 மீட்டர் உயரமுள்ள ஃபோட்டுலாவைக் கடக்கிறது. விமானம் ஒத்துக்கொள்ளாதவர்கள் ரயிலில் கட்ரா வரை போய், 2025 ஜூன் முதல் ஓடும் வந்தே பாரத் ரயிலில் ஸ்ரீநகர் சேரலாம். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து கட்ரா வருவதற்கே ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகும் என்பதால் கட்ராவிலோ ஜம்முவிலோ ஓர் இரவைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும்போது இதயம், நுரையீரல், இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு, உயர நோயைத் தடுக்கக் கொடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை அவருக்கு ஏற்றதா என்பதையும் கேளுங்கள். சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதவர் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். இந்த மாத்திரை சிறுநீரைக் கூட்டும், ஆகவே அவர் இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருப்பார். அறையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் அந்த உயரத்தில் மூச்சை மேலும் மந்தமாக்கும் என்பதால், பழைய நண்பர்கள் கூடும் மாலையில் பாட்டில் திறக்கப்படுமானால் முதல் இரண்டு இரவுகளுக்காவது அதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஊரிலேயே, விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஓர் ஆக்ஸிமீட்டர் வாங்கி அவருடைய வழக்கமான அளவைக் குறித்துவைத்துக்கொண்டால், மேலே போனபின் எது சாதாரணம், எது ஆபத்து என்று மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்ல வசதியாக இருக்கும்.

எப்போது போவது

ஜோஜிலா பனிக்காலத்தில் மூடிக்கிடக்கும்; அங்கே கட்டப்படும் சுரங்கப்பாதை பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கும் வரை ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரையே முதியவர்களுக்கு ஏற்ற காலம். கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 விஜய் திவஸில் திராஸில் பெரிய விழா நடக்கும், பழைய தோழர்கள் வருவார்கள், அவருடைய ரெஜிமென்டிலிருந்தும் அதிகாரிகள் வருவார்கள். அதே வாரத்தில் கார்கிலில் அறை கிடைப்பது அரிது. போதாததற்கு, அமர்நாத் யாத்திரையின் பால்டால் முகாம் சோனமார்க்குக்குப் பக்கத்தில் இருப்பதால் ஜூலையிலும் ஆகஸ்டிலும் அங்கே அறை வாடகை ஏறியிருக்கும், சாலையிலும் நெரிசல் இருக்கும். தோழர்களைச் சந்திப்பதே நோக்கம் என்றால் ஜூலையில் போகலாம். அதற்கு ஐந்தாறு மாதங்களுக்கு முன்பே அறை பிடிக்க வேண்டும். நினைவிடத்தில் அமைதியாக நின்றுவர வேண்டும் என்பவருக்குச் செப்டம்பர் முதல் பாதியைவிட நல்ல காலம் இல்லை. நாங்கள் செப்டம்பரில் போனோம். அப்பா, வீழ்ந்தவர்களின் பெயர்களைப் பொறித்த பெயர்ச் சுவரின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றார், யாரும் அவரை நகரச் சொல்லவில்லை.

ராணுவ விருந்தினர் இடமா, தனியார் விடுதியா

முன்னாள் படைவீரர்களுக்கு ராணுவத்தின் விருந்தினர் இல்லங்களில் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதற்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு கடிதம் பெற்று, அவர் பணியாற்றிய யூனிட்டுக்கும் அந்தப் படைப்பிரிவின் மையத்துக்கும் மூன்று மாதங்களுக்கு முன்பே எழுதுவது நல்லது. கடிதத்தில் படை எண், பதவி, ஓய்வு பெற்ற ஆண்டு, 1999-இல் இருந்த இடம், உடன் வருபவர்களின் பெயரும் உறவும் தெளிவாக இருக்க வேண்டும். யூனிட்டிலிருந்து பதில் வந்தால், படுக்கை கிடைக்காவிட்டாலும்கூட, நினைவிடத்தில் அவரை வரவேற்க ஓர் இளம் ஜவான் நிற்கக்கூடும்; அந்த மரியாதைக்கு எந்த விடுதியும் ஈடாகாது. ஆனால் படை நகர்வு வந்தால் ராணுவ அறை கடைசி நேரத்தில் ரத்தாகும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆகவே ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் ஒரு தனியார் அறையையும் கையில் வைத்திருங்கள். முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, ஓய்வூதிய ஆணையின் நகல், இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை, ஆதார் ஆகிய நான்கையும் ஒரே உறையில் போட்டு அவர் சட்டைப்பையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அறையைத் தேர்ந்தெடுப்பது

ஸ்ரீநகரில் எல்லோரும் படகு வீட்டைச் சொல்வார்கள். ஆடும் சிறு படகான ஷிகாராவிலிருந்து படகு வீட்டுப் படிக்குக் காலை எடுத்துவைப்பது முழங்கால் தேய்ந்தவருக்கு ஆபத்து, இரவில் மருத்துவரைக் கூப்பிட வேண்டுமானாலும் நடுவில் தண்ணீர் இருக்கிறது. கரையில் உள்ள, மின்தூக்கி இருக்கிற சாதாரண ஓட்டலே போதும்.

மலையில் "தரைத்தளம்" என்ற சொல்லை நம்பக் கூடாது. சரிவில் கட்டிய வீட்டில் தரைத்தளம் சாலைக்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். நாங்கள் தங்கிய ஒரு விடுதியில், தரைத்தள அறை என்று உறுதி கூறியிருந்தார்கள்; போய்ப் பார்த்தால் வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக்குப் பதினான்கு கல்படிகள், கைப்பிடி கிடையாது. அப்பா எதுவும் சொல்லாமல் ஏறினார், மேலே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார். அன்றிலிருந்து நான் எந்த விடுதிக்காரரிடமும் தளத்தைப் பற்றிக் கேட்பதில்லை. வண்டிக் கதவிலிருந்து கட்டில் வரையிலும், கட்டிலிலிருந்து கழிப்பறை வரையிலும் நடந்தபடியே ஒரு காணொளி எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்கிறேன். அதைப் பார்த்தால் படிகள், நிலைப்படியின் உயரம், கட்டிலின் உயரம், வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, குளியலறைத் தரை வழுக்குமா என்பதெல்லாம் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். அனுப்பத் தயங்குகிறவரிடம் அறை எடுக்காதீர்கள்.

கார்கிலில் வெந்நீர் பல இடங்களில் காலையும் மாலையும் குறித்த நேரத்துக்கு மட்டுமே வரும், மின்சாரமும் போய்வரும். அவர் இரவில் மூச்சுக் கருவியோ ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரோ பயன்படுத்துகிறவர் என்றால், விடுதியில் ஜெனரேட்டர் இருக்கிறதா என்பதோடு அது இரவு முழுவதும் ஓடுமா என்றும் கேட்க வேண்டும், ஏனென்றால் டீசலை மிச்சப்படுத்தப் பத்து மணிக்கே அதை நிறுத்திவிடும் இடங்கள் உண்டு. குளிருக்காகப் புகாரி என்னும் அடுப்பை அறைக்குள் ஏற்றித் தந்தால், தூங்குவதற்கு முன் அதை அணைத்துவிட்டு, சாளரத்தைச் சிறிது திறந்துவையுங்கள். மூடிய அறையில் எரியும் அடுப்பின் கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் உயிரைக் குடிக்கும். கனமான பஞ்சுப் போர்வையான ரஜாயைவிட இரண்டு மெல்லிய கம்பளிகள் நல்லது, எழுந்திருக்கும்போது கால் சிக்காது. ஒரு பிளாஸ்டிக் முக்காலி, ஒட்டவைக்கக்கூடிய சிறிய இரவு விளக்கு, வெந்நீர்க் குடுவை, ரப்பர் செருப்பு ஆகியவற்றை ஊரிலிருந்தே எடுத்துச் சென்றால் எந்த அறையையும் ஓரளவு சரிப்படுத்திக்கொள்ளலாம். சோறு கார்கிலில் எங்கும் கிடைக்கும்; கஞ்சி மாவும் ஊறுகாயும் கையில் இருந்தால் பசியில்லாத முதல் இரண்டு நாட்களை ஓட்டிவிடலாம்.

ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வெளிமாநிலத்து ப்ரீபெய்ட் சிம் வேலை செய்யாது. உடன் போகிறவர்களில் இருவரிடமாவது, முடிந்தால் வெவ்வேறு நிறுவனங்களின், போஸ்ட்பெய்ட் இணைப்பு இருக்கட்டும். கார்கில் மாவட்ட மருத்துவமனைக்கு விடுதியிலிருந்து எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும், இரவில் எழுப்பினால் வண்டி எடுக்கக்கூடிய ஓர் ஓட்டுநரின் எண்ணையும் முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இரவுகள்

அவர் கௌரவத்துக்காகத் தனி அறை கேட்பார். கொடுக்காதீர்கள். இரண்டு கட்டில் உள்ள அறையில் பிள்ளையோ பேரனோ உடன் படுக்க வேண்டும். மூச்சுத் திணறலைக் கவனிக்க மட்டுமன்று. அப்பா இருபத்தைந்து ஆண்டுகளில் எங்களிடம் சொல்லாத ஒரு பெயரைக் கார்கிலில் இரண்டாம் இரவில், விளக்கை அணைத்த பிறகு, கூரையைப் பார்த்தபடி சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. அவர் சொல்லி முடித்ததும் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். திடுக்கிட்டு விழிப்பதும், வெடிச் சத்தம் போன்ற ஓசைக்கு எழுந்து உட்கார்வதும் நடக்கும். சாலையோர அறையைவிடப் பின்பக்க அறையைக் கேட்பதற்கு இது இன்னொரு காரணம், ஏனென்றால் வரிசையாகச் செல்லும் ராணுவக் கான்வாய் வண்டிகள் விடியுமுன்பே புறப்பட்டுவிடும். சிலருக்கு அந்தச் சத்தமே ஆறுதல் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், ஆகவே இதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். சுரு நதி ஓரத்து அறையில் இரவெல்லாம் தண்ணீர் இரைச்சல் இருக்கும். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது.

தோழர்கள் இருவர் மூவர் சேர்ந்து போகிறார்கள் என்றால் வெவ்வேறு விடுதிகளில் சிதறிவிடாமல், சேர்ந்து உட்கார ஒரு கூடம் உள்ள ஒரே வீட்டை முழுவதுமாக எடுப்பது நல்லது. மாலை ஆறு மணிக்கு மேல் அவர்களுக்கு வேண்டியது நாற்காலிகள், தேநீர், கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை. பிள்ளைகள் அடுத்த அறையில் இருந்தால் போதும்.

நினைவிடம் போகும் நாளுக்கான ஏற்பாடு

திராஸுக்குக் காலை எட்டு மணிக்குப் புறப்படுங்கள். ஸ்ரீநகர் வண்டிகள் லடாக்குக்குள் சுற்றிக் காட்டுவதை உள்ளூர் டாக்சி சங்கங்கள் ஆட்சேபிப்பதுண்டு என்பதால், இந்த நாளுக்குக் கார்கில் வண்டியையே அமர்த்திக்கொள்வது தகராறைத் தவிர்க்கும். நினைவிடம் டோலோலிங் மலையின் அடிவாரத்தில், திராஸ் ஊரைவிடக் கார்கிலுக்குச் சற்று அருகிலேயே இருக்கிறது. அங்கே நடக்கும் தூரம் அதிகமில்லை, ஆனால் வெயிலும் காற்றும் கடுமை. மடக்கு நாற்காலி ஒன்றை வண்டியில் வைத்திருங்கள். சக்கர நாற்காலியை அவர் ஏற்கமாட்டார், மடக்கு நாற்காலியை ஏற்பார். பீரங்கி நின்ற இடம் போன்ற தனிப்பட்ட இடங்களைத் தேடும்போது, ராணுவ முகாமாக இருந்தால் வெளியே நின்று அனுமதி கேளுங்கள், படம் எடுக்காதீர்கள்.

அன்றைக்குக் கார்கில் அறையைக் காலி செய்யாமல் அடுத்த இரவுக்கும் சேர்த்தே பணம் கட்டியிருக்க வேண்டும். நினைவிடத்திலிருந்து அப்படியே ஸ்ரீநகருக்குப் போய்விட்டால் ஒரு நாள் வாடகை மிச்சமாகும் என்று ஓட்டுநர் உட்பட எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் செய்தால், பெயர்ச் சுவரைப் பார்த்த சில மணி நேரத்துக்குள் அவர் ஜோஜிலாவின் வளைவுகளில் ஆறு ஏழு மணி நேரம் குலுங்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக இரண்டு மணிக்குள் கார்கில் திரும்பி, சூடாக ஏதாவது கொடுத்து, அவருடைய சொந்தப் படுக்கையாகிவிட்ட அந்தக் கட்டிலில் படுக்கவிடுங்கள். அப்பா அன்று மாலை ஏழு மணி வரை தூங்கினார். எழுந்ததும், காலையில் பார்த்த மைதானத்தில் எந்த இடத்தில் சமையல் கூடாரம் இருந்தது என்று ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார்.